வீட்டில் ஒருவருக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

நீண்ட திரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

போன வாரம் ஓபி முடியும் நேரத்தில் ஒருத்தர் வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மனைவிக்கு லிம்ஃபோமா, மெடிக்கல் காலேஜில் கீமோ போகிறது. இடையில் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க மட்டும் எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"சார், பொண்ணு ஆறாவது போறா. இந்த வருஷம் நிறுத்திடலாமான்னு வீட்ல பேசிக்கிறோம். ஸ்கூல்ல இருந்து ஏதாவது காய்ச்சலைக் கொண்டாந்து அவங்கம்மாவுக்குக் குடுத்துட்டா? ஃபோன்ல யூட்யூப் பாத்துப் படிச்சுக்குவா. சொந்தக்காரங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க."

என் வாய் வரைக்கும் ஒரு பதில் வந்துவிட்டது: "ஆமாண்ணா, கொஞ்ச நாள் அனுப்பாதீங்க."

அதைச் சொல்லவில்லை. ஏன் என்றால், அதே பதிலை ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

2021 நவம்பர் 1. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த நாள். அந்த வாரம் ஒரு அம்மா வந்தார். கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் என்று எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகள். பையன் ஏழாவது. அனுப்பலாமா என்று கேட்டார். டெல்டா அலையில் அந்த வருஷம் மே மாதம் நாங்கள் பார்த்ததெல்லாம் கண்ணுக்குள்ளேயே இருந்த நேரம். யோசிக்காமல் சொன்னேன்: "கொஞ்ச நாள் அனுப்பாதீங்கம்மா."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மாற்றுச் சிறுநீரகத்துக்கான மாத்திரை ஆயுசு முழுக்கப் போடுவது. அப்படியானால் அந்தக் 'கொஞ்ச நாள்' எப்போது முடியும்?

2022 மார்ச் 16 முதல் 12-14 வயதுப் பிள்ளைகளுக்கு கோவிட் தடுப்பூசி வந்தது. அன்றைக்கு அந்த அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டு, "ஊசி போட்டுட்டுப் பையனை அனுப்புங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். தோணவே இல்லை. 2023-இல் கணவரின் பிபி மாத்திரைக்கு வந்தபோது பையனைப் பற்றிக் கேட்டேன். டூவீலர் பட்டறையில் இருக்கிறான் என்றார். அப்பா நன்றாக இருக்கிறார். "நீங்க சொன்னதைக் கேட்டதாலதான் சார் இவரு பொழச்சாரு" என்று கும்பிட்டார். அன்று சாயங்காலம் வரை எனக்கு வேலை ஓடவில்லை.

இந்த முறை ஆட்டோக்காரரிடம், "ரெண்டு நாள் டைம் குடுங்கண்ணா, படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். படித்தது மருத்துவம் பாதி, சரித்திரம் பாதி. இந்தக் கேள்வியை நமக்கு முன்னாடி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இந்தத் திரெட்.

1918-லிருந்து ஆரம்பிப்போம். ஸ்பானிஷ் ஃப்ளூ. அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. மூடாத பெரிய நகரங்கள் மூன்று: நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன்.

நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட். (அடிப்படையில் ஹோமியோபதிக்காரர், பிறகு செனட்டர் ஆனவர்.) மூட வேண்டாம் என்று அவருக்கு வாதாடியவர் டாக்டர் ஜோசஃபின் பேக்கர், நகரத்தின் குழந்தைகள் சுகாதாரப் பிரிவின் தலைவர். 'டைஃபாய்டு மேரி' கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். 1907-இல் அந்த மேரியை வீடு தேடிப் போய், போலீஸ் துணையோடு பிடித்து வந்த டாக்டர் இவர்தான்.

பேக்கரின் கணக்கு எளிமையானது. நகரத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய 10 லட்சம். அதில் சுமார் 7.5 லட்சம் பேர் 'டெனமென்ட்' எனப்படும் நெருக்கடியான அடுக்குக் குடியிருப்புகளில் இருந்தார்கள். காற்று வராத அறை, ஒரே அறையில் ஐந்தாறு பேர். பள்ளியை மூடினால் அந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? அதே அறையில், அல்லது தெருவில். அப்பா அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் இல்லை. பள்ளியிலோ சன்னல் உண்டு, டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு.

அதனால் பள்ளியையே கண்காணிப்பு நிலையமாக மாற்றினார்கள். பிள்ளைகள் வாசலில் கூட்டம் போடக்கூடாது, நேராக வகுப்புக்குப் போக வேண்டும். டீச்சர் தினமும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பார். இருமலோ காய்ச்சலோ இருந்தால் தனியாக உட்கார வைப்பார்கள். பிறகு சுகாதாரத் துறை ஆள் அந்தப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போவார்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கூட்டிப் போகிறவர் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப மாட்டார். வீட்டைப் பார்ப்பார். தனியாகப் படுக்க இடம் இருக்கிறதா? பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? இல்லை என்றால் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள். வீடு என்றாலே பாதுகாப்பு என்று அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டையும் சோதித்தார்கள்.

ஆன விளைவு? அந்த இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் 20,000-க்கும் மேல் இறந்தார்கள். கொடூரமான எண்ணிக்கைதான். ஆனாலும் மக்கள்தொகைக்கு விகிதமாகப் பார்த்தால் பாஸ்டன், ஃபிலடெல்ஃபியாவை விடக் குறைவு.

உடனே 'பார்த்தீங்களா, பள்ளியை மூடவே கூடாது' என்று யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டாம். 2007-இல் ஹோவர்ட் மார்க்கெல் குழு அதே 1918-ஐ 43 நகரங்களில் ஆராய்ந்தது. பள்ளி மூடல், கூட்டத் தடை, தனிமைப்படுத்தல் எல்லாவற்றையும் சீக்கிரமே, சேர்த்து, நீண்ட நாள் வைத்திருந்த நகரங்களில் சாவு குறைவாக இருந்தது. ரெண்டும் உண்மை. ஊரே மூடுவது ஒரு கேள்வி. ஊர் திறந்திருக்கும்போது ஒரு வீட்டுப் பிள்ளையை மட்டும் நிறுத்துவது வேறு கேள்வி. ஆட்டோக்காரர் கேட்டது ரெண்டாவதை.

1937-க்குப் போவோம். சிகாகோவில் போலியோ. பள்ளி திறப்பைத் தள்ளி வைத்துவிட்டு, 3 முதல் 8 வரை படிக்கும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம் நடத்தினார்கள். 15 நிமிஷப் பாடங்கள். நேர அட்டவணை காலைப் பேப்பரில் வரும். சந்தேகம் கேட்க ஒரு ஃபோன் எண், எடுத்துப் பேச 16 டீச்சர்கள். முதல் நாளே ஆயிரத்துக்கும் மேல் அழைப்புகள். சில வீடுகளில் ரேடியோ இல்லை, சில இடங்களில் சரியாகக் கேட்கவில்லை, சில பிள்ளைகளுக்குப் பாடம் வேகமாக ஓடிவிட்டது. 2020-இல் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸப் வகுப்பும் நடந்தபோது நம்ம வீடுகளில் கேட்ட அதே புகார்கள்.

ஆனால் சிகாகோ அதை நடத்தியது மூன்று வாரத்துக்கும் குறைவாக. அலை தணிந்ததும் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். நம்ம ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை, ஒன்றரை வருஷத்துக்கும் மேல் ஆனது.

அடுத்தது நம்ம சென்னை. இது பள்ளிக்கூடக் கதை இல்லை, ஆனால் கேள்வி அதேதான்: வீட்டில் ஒருவரைப் பிரித்து வைத்தால் மற்றவர் பிழைப்பாரா?

அந்தக் காலத்தில் டிபி என்றால் சானடோரியம். தாம்பரத்துக்கு அந்தப் பெயர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. முக்கியமாக வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து பிரிப்பு. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கைகள் எங்கே?

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஐசிஎம்ஆர், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். 193 நோயாளிகள், எல்லோரும் ஏழைகள், நெருக்கடியான வீடுகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு வீட்டிலேயே சிகிச்சை, பாதிப் பேருக்கு சானடோரியம். இருவருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநயசிட், பாஸ்.

1959-இல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது அதன் இன்னொரு பகுதியை. இந்த நோயாளிகளின் குடும்பத்தாரையும் 5 வருஷம் தொடர்ந்து சோதித்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில் புதிதாக டிபி வந்தது, நோயாளியைப் பிரித்து அனுப்பிய குடும்பங்களை விட அதிகமில்லை. ஆபத்தின் பெரும்பகுதி சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. மருந்து போகத் தொடங்கியபின் பிரித்து வைத்ததால் பிள்ளைகளுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. அந்த ஆய்வுக்கு முன்பு எத்தனை அம்மாக்கள் தங்கள் பிள்ளையை ஒரு வருஷம், ரெண்டு வருஷம் பார்க்காமல் இருந்திருப்பார்கள்!

பிரிக்கும்போது நமக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதி கிடைக்கிறது. ஆபத்து எந்த நாளில், எந்த வழியில் வருகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறார்களா என்பதுதான் விஷயம். சேத்துப்பட்டில் எண்ணினார்கள்.

எண்ணாமல் பயத்தில் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. இது 1985, அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், கோகோமோ பக்கம். ரையன் வைட் என்ற பையனுக்குப் பிறவியிலேயே ஹீமோஃபீலியா. ரத்தம் உறைவதற்காகப் போட்ட ஃபாக்டர் மருந்து வழியாக எச்ஐவி தொற்று வந்தது. 13 வயதில் எய்ட்ஸ் என்று தெரிந்தது. ஆறு மாதம் தாங்குவான் என்றார்கள். தேறி வந்து பள்ளிக்குப் போகிறேன் என்றான். பள்ளி நிர்வாகம் மறுத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர்கள் எதிர்த்து மனு கொடுத்தார்கள். மாநில சுகாதார ஆணையர் டாக்டர் உட்ரோ மையர்ஸ், இவனால் மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஆகவே ரையன் வீட்டில் உட்கார்ந்து ஃபோன் வழியாக வகுப்பைக் கேட்டான். வகுப்பில் ஒரு ஸ்பீக்கர், இவன் காதில் ரிசீவர். கரும்பலகையில் எழுதுவது தெரியாது, பாதி காதில் விழாது. மாதக்கணக்கில் இப்படி. வழக்கு நடந்தது. 1986 பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளிக்குப் போனான், அன்றைக்கே கோர்ட் தடை. ஏப்ரலில்தான் மறுபடி உள்ளே விட்டார்கள். அவன் உள்ளே வந்ததும் சில குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டுத் தனியாக ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள்.

மருத்துவக் கண்ணோடு பார்த்தால் அந்த வகுப்பறையில் ஆபத்து யாருக்கு? சளியும் இருமலுமாய் வரும் மற்ற பிள்ளைகளால் ரையனுக்கு. அவனால் மற்றவர்களுக்கு இல்லை. அந்த ஆபத்து தெரிந்துதான் அவன் போனான். அடுத்த வருஷம் குடும்பம் சிசரோ என்ற ஊருக்குக் குடிபோனது. அங்கே பள்ளியில் மாணவர்களுக்கு முன்கூட்டியே எய்ட்ஸ் பற்றி வகுப்பெடுத்து, அவனைக் கைகொடுத்து வரவேற்றார்கள். ஆறு மாதம் என்று சொல்லப்பட்டவன் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தான். 1990 ஏப்ரல் 8-இல் இறந்தபோது வயது 18.

இனி ஜப்பான். ஆட்டோக்காரர் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது இதுதான்.

1957-இல் ஆசிய ஃப்ளூ பரவிய பிறகு, ஜப்பான் ஒரு முடிவெடுத்தது. பள்ளிப் பிள்ளைகள்தான் ஃப்ளூவை வீடு வீடாகக் கொண்டு போகிறார்கள் என்றால், பிள்ளைகளுக்கே ஊசி போடுவோம். 1962-இல் பள்ளிகளில் ஃப்ளூ தடுப்பூசி தொடங்கியது. 1977-இல் கட்டாயம். பிறகு ஊசியின் பக்கவிளைவு பற்றிய வழக்குகள், 'இதனால் என்ன பயன்' என்ற கேள்விகள். 1987-இல் பெற்றோர் வேண்டாம் என்று சொல்லலாம் என்றானது. 1994-இல் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்.

2001-இல் ஒரு ஆய்வு வந்தது. ஜப்பானின் சாவுக் கணக்கை ஐம்பது வருஷத்துக்கு எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போட்ட காலத்தில், குளிர்காலத்தில் முதியவர்கள் இறப்பது சரிந்திருந்தது. நிறுத்தியதும் ஏறியது. வருஷத்துக்கு 37,000 முதல் 49,000 சாவுகள் தடுக்கப்பட்டதாகக் கணக்கு. சுமார் 420 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஒரு உயிர். அந்த உயிர் பெரும்பாலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ. பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு; வேறு காரணங்களும் கலந்திருக்கலாம் என்றார்கள். நியாயமான கேள்விதான். பிறகு கனடாவில் ஹட்டரைட் என்ற விவசாயச் சமூகத்தின் 49 குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் பரிசோதித்தார்கள், 2008-09-இல். சில ஊர்களில் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி, மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ்-ஏ ஊசி. ஊசி போடாத மற்றவர்களுக்கு ஃப்ளூ வந்ததா என்று பார்த்தார்கள். முதல் வகை ஊர்களில் 3.1 சதவீதம், ரெண்டாம் வகை ஊர்களில் 7.6 சதவீதம். பிள்ளைக்குப் போட்ட ஊசி, போடாதவர்களுக்கு 61 சதவீதப் பாதுகாப்பு.

சரி, நம்ம ஆஸ்பத்திரிக்குத் திரும்புவோம்.

ரெண்டு நாள் கழித்து அவர் வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். தலையில் துண்டு, முகத்தில் மாஸ்க். நான் முதலில் கேட்டது நியூயார்க் கேள்வியை: வீடு எப்படி?

ஒரு ஹால், ஒரு அறை, சமையல் மூலை. ஆள் ஐந்து பேர்: இவர்கள் இருவர், பொண்ணு, மூணு வயசுப் பையன், இவருடைய அம்மா. இவர் தினமும் ஆட்டோவில் எத்தனை பேரை ஏற்றுகிறார்? "நூறு பேருக்கு மேல இருக்கும் சார்." மாஸ்க்? சிரித்தார். பாட்டி இருமுகிறாரா? "ஒரு மாசமா இருக்கு சார், சளிதான்." (பாட்டிக்கு அன்றே சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எழுதினேன். நல்லவேளை, டிபி இல்லை.) அந்த வீட்டுக்குள் கிருமி வர ஐந்தாறு வழி இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து மூட நினைத்தது பொண்ணு போகிற ஒரே வழியை.

பள்ளியை விட்டால் வேறு ஏற்பாடு உண்டா என்றும் பார்த்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, கடுமையான மாற்றுத்திறன் உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறலாம். அது பிள்ளைக்காக உள்ளது. அம்மாவுக்கு நோய் என்பதற்காகப் பிள்ளையின் வீட்டுக்கே டீச்சர் வர அதில் இடமில்லை. யூட்யூப் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க அந்த வீட்டில் யாருக்கு நேரம்? பொண்ணு வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று அவர்கள் ரெண்டு பேருக்குமே தெரியும். சமையல், தண்ணீர், தம்பி.

அடுத்தது சேத்துப்பட்டுக் கேள்வி: ஆபத்து எந்த நாளில்?

கீமோ 21 நாளுக்கு ஒருமுறை, மொத்தம் 6 சுற்று. ரெண்டு முடிந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இறங்குவது பெரும்பாலும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. மீதி 4 சுற்றுக்கு மூன்று மாதம். அதில் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது நான்கு வாரம். அதற்குப் பிறகும் சில மாதம் எதிர்ப்பு சக்தி குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை. அவர்கள் பேசிக்கொண்டிருந்ததோ ஒரு முழு வருஷம்.

கீமோ கொடுக்கும் புற்றுநோய் மருத்துவரிடம் ஃபோனில் பேசினேன். (இதைப் படிக்கிற யாரும் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கணக்கு. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.) பேசி முடிவு செய்தது இது:

பொண்ணு பள்ளிக்குப் போகட்டும். வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளூ ஊசி. பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் விட்டுப்போன ஊசிகளைச் சரிபார்ப்பது. சின்னவனுக்குப் போலியோ முகாமில் சொட்டு மருந்து வேண்டாம், ஊசி வடிவில் போடலாம். சொட்டு மருந்தில் உயிருள்ள வைரஸ் உண்டு, வீட்டில் இப்படி ஒருவர் இருக்கும்போது அதைத் தவிர்ப்பார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் கை, முகம் கழுவி, யூனிஃபார்ம் மாற்றிவிட்டுத்தான் அம்மாகிட்ட. அந்த 7-14 நாளில் வகுப்பில் யாருக்காவது அம்மையோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் லீவு. அம்மை போட்ட பிள்ளையோடு இருந்துவிட்டாள் என்று தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு 100.4-க்கு மேல் காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் வர வேண்டும். ஆட்டோவில் அவருக்கு மாஸ்க், சைடு படுதாவைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும்.

வகுப்பில் காய்ச்சல் இருக்கிறதா என்பதை யார் சொல்வார்கள்? இதற்குப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அவர் ஃபோன் பண்ணினார். "நான் பாத்துக்கறேன் சார். சன்னல் பக்கம் உட்கார வச்சிருக்கேன்."

அதுவரை அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "சார், என்னால பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சுன்னு ஆயிடக்கூடாது. ஆனா நான் போயிட்டேன்னா, 'ஸ்கூலுக்குப் போனதாலதான் அம்மா போச்சு'ன்னு அவ நெனச்சுக்குவாளே, அதுக்கு என்ன பண்றது?"

எந்த ஆய்விலும் இதற்குப் பதில் இல்லை. அவளை ஒருமுறை கூட்டி வாங்கம்மா, நானே பேசுறேன் என்றேன்.

சனிக்கிழமை வந்தாள். அம்மாவுக்குக் கிருமி வரும் வழிகளை ஒரு பேப்பரில் வரைந்து காட்டினேன்: அப்பாவின் ஆட்டோ, பாட்டியின் இருமல், தம்பி, சாப்பாடு, அம்மாவின் உடம்புக்குள்ளேயே இருக்கும் கிருமிகள், பள்ளி. உன்னுடையது இதில் ஒன்றுதான், அதையும் நாம் முக்கால்வாசி மூடியாச்சு என்றேன். பேப்பரை வாங்கி ஒவ்வொன்றாக எண்ணினாள். "அப்பா ஆட்டோதான் சார் பெருசு" என்றாள். அவள் அப்பா மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டார்.

ஓபி சீட்டின் பின்பக்கம் நான்கு சுற்றுக்கும் தேதிகள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைசித் தேதிக்குக் கீழே, 'அன்று மறுபடி முடிவு செய்வோம்' என்று எழுதிக் கையெழுத்து. அந்தத் தேதி இந்த முறை என் ஃபோனிலும் அலாரமாக இருக்கிறது.

பட்டறைப் பையனுக்கு இப்போது 16 ஆகிறது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வைக்க முடியுமா என்று அந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "அவன்கிட்ட நீங்களே பேசுங்க சார், எங்க பேச்சைக் கேக்க மாட்டேங்கிறான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு என் பைக்கை சர்வீஸுக்கு விடப் போகிறேன்.